அவரவர் அறை – 11: ‘ம்’ என்று பதில் சொன்னவள்

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஏ.சி. மாட்ட வந்த லாரன்ஸ்தான் அதை முதலில் சொன்னான்.

“மேடம், ரூம்ல யாருமே இல்லியே.”

ஜுவேரியா ஹாலில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து குடிக்க அந்த வீட்டில் மேஜை இல்லை. அடையாறு இந்திரா நகரில் அந்த நாலாவது மாடி ஃப்ளாட்டில் கிடந்த டைனிங் டேபிளை ஆன்லைனில் விற்று, வாங்கினவர்கள் அது லிஃப்டில் நுழையாமல் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனதைப் போன வாரம் பார்த்தோம். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு ஏழு மாதமாகிவிட்டது, இடத்தை ஏன் அடைக்க வேண்டும் என்றான் ஹஸன். யாரும் மறுக்கவில்லை. மேஜை இருந்த இடத்தில் இப்போது அவனுடைய மசாஜ் நாற்காலி.

“பாத்ரூம்ல இருப்பா. தட்டிப் பாருங்க.”

“பாத்ரூம் கதவு தொறந்துதான் இருக்கு மேடம்.”

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த ஹஸன் நிமிர்ந்தான். தி.நகரில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் அவன் ஃப்ளோர் மேனேஜர். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. கடையில் கால் வைக்க இடமிருக்காது. மழைக்காலத்தில் ஏ.சி. வாங்குகிறவர்கள் மட்டும் குறைவு. விலையை இறக்கியிருந்தார்கள், ஸ்டாஃப் தள்ளுபடி வேறு. தூபாவுக்காக ஒன்றை எடுத்துவிட்டான்.

பத்து நாள் முன்னால் அவளுக்குப் பதினைந்து முடிந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “எல்லாரும் எங்கயாவது ஒண்ணா போலாமா அத்தா?” என்றாள்.

“அது போலாம்டா. பொருளா என்ன வேணும், அதச் சொல்லு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஏ.சி.

ஜுவேரியா டம்ளரை வைத்துவிட்டு மகளின் அறைக்குப் போனாள். வாசலில் தூபா பெயருக்கு வந்த மூன்று பார்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. புதன்கிழமையிலிருந்து அவற்றைத் தாண்டித்தான் ஜுவேரியா தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லாரன்ஸ் ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்திருந்தான்.

படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பல நாள் பூட்டின அறையின் வாடை. மேஜைமேல் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று, ஆறு மாத்திரை எடுத்தது. பக்கத்தில் தெர்மாமீட்டர். ஸ்கூல் பை இல்லை. கொக்கியில் யூனிஃபார்ம் இல்லை.

“இன்னிக்கி ஸ்கூல் இருக்கா?” என்று கேட்டபடி வந்தான் ஹஸன்.

“சனிக்கிழமைங்க.”

“அப்ப எங்க போனா?”

ஜுவேரியா ஃபோனை எடுத்தாள். நேற்று இரவு பதினொன்றேகாலுக்கு மகளுக்கு அனுப்பியது அதில் இருந்தது. ‘ஃபீவர் போச்சா?’ பதில்: ‘ம்’. ‘காலைல ஏசி மாட்ட வருவாங்க.’ அதற்கு ஒரு கட்டைவிரல். ‘குட் நைட். லவ் யூ டா.’ அதற்கு ஒரு சிவப்பு இதயம்.

அழைத்தாள். ரிங் போனது. எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை.

அடுத்த அறையில் மகன் சைஃப் காதில் ஹெட்செட்டோடு கட்டிலில் கிடந்தான். பத்தொன்பது வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இரண்டு தரம் தட்டியும் கேட்கவில்லை. ஹஸன் போய் ஹெட்செட்டைப் பிடுங்கினான்.

“தங்கச்சி எங்கடா?”

“ரூம்ல.”

“ரூம்ல இல்ல.”

சைஃப் எழுந்து வந்து, அவன் பங்குக்கு அவனும் அந்தப் படுக்கையைப் பார்த்தான்.

“நான் வேணா அடுத்த வாரம் வரட்டா சார்?” என்றான் லாரன்ஸ். புது ஏ.சி.யைப் பெட்டியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவன் போய்விட்டான்.

பத்தரை மணிக்குள் ஜுவேரியா மகளை இருபத்துமூன்று முறை அழைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ரிங் போய்க்கொண்டே இருந்தது. எதிர் ஃப்ளாட்டுப் பெண்மணியிடம் கேட்டார்கள். “உங்களுக்குப் பொண்ணு இருக்கா?” என்று அந்தம்மா திருப்பிக் கேட்டாள். மூன்று வருஷமாக எதிர் வீடு.

அதற்குப் பிறகு போலீஸ்தான்.

சப் இன்ஸ்பெக்டர் ஜெயபாரதிக்கு நாற்பது வயதிருக்கும். மழையில் நனைந்த தொப்பியை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். மூன்று பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்தார்.

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“நேத்து ராத்திரி பேசினேன் மேடம்,” என்றாள் ஜுவேரியா.

“பேசினீங்களா, மெசேஜா?”

“மெசேஜ்.”

“நான் கேக்கறது, கண்ணால எப்ப பாத்தீங்க?”

ஜுவேரியா யோசித்தாள். தரமணியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் மதியம் ஒன்றுக்குத் தொடங்கி ராத்திரி பத்துக்கு முடியும் ஷிஃப்ட். வீட்டுக்கு வரும்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். காலையில் தூபா ஏழு மணிக்கு வேனில் போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஹஸன் கடைக்கு ஒன்பதரைக்குப் போனால் திரும்ப ராத்திரி பதினொன்று ஆகும். வளர்ந்த பிள்ளைகளின் அறைக்குள் கேட்காமல் போகக்கூடாது என்பது ஜுவேரியாவே போட்ட சட்டம். அவள் கதவைத் தட்டமாட்டாள், மெசேஜ் அனுப்புவாள். அதைச் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

“திங்கக்கிழமை... இல்ல. ஞாயித்துக்கிழமை.”

“இன்னிக்கி சனி.”

“புதன்கிழமை காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு மேடம். அதுலேர்ந்து ரூம்ல ரெஸ்ட் எடுத்துட்டிருந்தா. நான் தினம் விசாரிச்சேன். வியாழக்கிழமை ஆஃபீஸ்லேர்ந்தே அவளுக்கு இட்லியும் சூப்பும் ஆர்டர் பண்ணேன். சாப்ட்டிருந்தா. டப்பா குப்பையில இருந்துச்சு.”

சைஃப் தலையைத் தூக்கினான். “அது... அது எனக்குன்னு நெனச்சேன்மா. நான்தான் சாப்ட்டேன்.”

ஜெயபாரதி அவனைப் பார்த்தார். பிறகு ஜுவேரியாவை.

“புதன்கிழமை ஸ்கூல்லேர்ந்து பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?”

“இவர்தான்,” என்றாள் ஜுவேரியா.

“நானா?” என்றான் ஹஸன். “நீதானே போன?”



“நீங்க மெசேஜ பாத்துட்டீங்கன்னு காட்டுச்சு,” என்றாள் ஜுவேரியா. குரல் எங்கிருந்தோ வருவதுபோல வந்தது. “சாந்தோம் ஸ்கூல் உங்க கடைலேர்ந்து பக்கம்தானே, நீங்க போயிருப்பீங்கன்னு... எனக்கு ஆஃபீஸ் ஃபோன் கால் இருந்துச்சு.”

“நீ வீட்ல இருப்ப, ஒரு மணிக்குத்தானே ஷிஃப்ட்டுன்னு நான்...”

“அப்புறம் என்கிட்ட கேட்டீங்களா?”

“நீ கேட்டியா?”

“அந்த மெசேஜக் காட்டுங்க,” என்றார் ஜெயபாரதி.

ஸ்கூல் ஆப்பில் அது இருந்தது. ‘தங்கள் மகள் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். காய்ச்சல் அதிகமாக உள்ளது. உடனே வந்து அழைத்துச் செல்லவும்.’ கீழே சின்ன எழுத்தில்: தந்தை பார்த்தது 11.52. தாய் பார்த்தது 11.58.

அதற்கும் கீழே வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூபா வரவில்லை என்ற அறிவிப்புகள். காய்ச்சல்தானே, வீட்டில் இருக்கிறாளே என்று இருவரும் அவற்றைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

“எனக்கும் அனுப்பிச்சா,” என்றான் சைஃப். தன் ஃபோனை மேஜைமேல் வைத்தான். புதன்கிழமை, மதியம் ஒன்று பத்து. ‘அண்ணா, ஸ்கூலுக்கு வர்றியா? யாரும் வரல.’ அவன் பதில்: ‘கிளாஸ்ல இருக்கேன்.’

“கிளாஸ்ல இருந்தியா?”

“வீட்லதான் இருந்தேன்.”

ஹஸன் கையை ஓங்கினான். ஜெயபாரதி, “சார்,” என்று ஒரு சொல்தான் சொன்னார். ஓங்கிய கை தானாக இறங்கியது.

“உயரம்?”

“அஞ்சு... அஞ்சடி இருக்கும்.”

“அடையாளம்? மச்சம், தழும்பு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஃபோன் மாடல் சொல்லட்டுமா மேடம்?” என்றான் ஹஸன். “போன மாசம் வந்த புது மாடல். ஊதா கலர். என் டிஸ்கவுன்ட்லதான்...” பாதியில் நிறுத்திக்கொண்டான். தான் என்ன சொல்கிறோம் என்பது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜெயபாரதி கேட்டார். “ரிங் போகுதுன்னா ஃபோன் ஆன்ல இருக்கு. எங்க இருக்குன்னு பாக்க வழி இருக்கா?”

சைஃப்தான் அந்த ஃபோனை அமைத்துக் கொடுத்தவன். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் பிடித்தது. வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி எழுந்து, பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்தில் போய் நின்றது.

“ஊரூர் ஒல்காட் குப்பம்,” என்றார் ஜெயபாரதி. “இருங்க, ஆளக் கூப்பிடறேன். நானும் வரேன்.”

ஹஸன் காத்திருக்கவில்லை. அவர் திரும்புவதற்குள் படியிறங்கிவிட்டான்.

காரில் ஏறினார்கள். தூறல் விட்டிருந்தது. அவரவர் தலைக்குள் ஓடியதை அவரவர் வெளியே சொல்லப் பயந்தார்கள். குப்பம் என்றதுமே ஹஸன் முடிவு கட்டிவிட்டான், எவனோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று. எதிரில் வந்த ஆட்டோவை இடிக்கப்போய் நிறுத்தினான். பின்சீட்டில் சைஃப் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தபடி, “லெஃப்ட் அத்தா... நேரா... நேரா,” என்றான். ஜுவேரியா அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தரம் வாய் தவறி, ‘ப்ளீஸ், ப்ளீஸ்’ என்றாள்.

சந்துக்குள் கார் போகாது. இறங்கி ஓடினார்கள். வலை காயப்போட்டிருந்த சுவர், குடங்கள், மீன் அலசிய தண்ணீர். ஜுவேரியாவின் செருப்பு ஒன்று சகதியில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினாள்.

“இங்கதான் அத்தா. இந்த வீடுதான்.”

வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தூபா வயதுதான். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, கழுத்தில் சின்னச் சிலுவை. மடியில் ஊதா நிற ஃபோன்.

ஹஸன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

“எங்கடி என் பொண்ணு? திருட்டு நாயே, எங்கடி அவ?”

அந்தப் பெண் அலறினாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒருவர் வந்தார். கறுத்த, அகன்ற தோள். ஹஸனின் கையைப் பிடித்து ஒரே உதறலில் எடுத்தார்.

“யோவ்! பொண்ணு மேல கைய வெக்கற? இன்னா நெனச்சிக்கினு கீற நீ?”

“என் பொண்ணக் காணோம். அவ ஃபோன் இவகிட்ட இருக்கு.”

“யார்ரா உன் பொண்ணு?”

“தூபா,” என்றாள் ஜுவேரியா. மூச்சு வாங்கியது. “தூபா. பதினஞ்சு வயசு.”

அந்த மனிதரின் முகம் மாறியது. “தூபாவா? அதோட அம்மா அப்பா துபாய்ல கீறாங்கன்னு சொல்லிச்சே.”



அவர் பெயர் ஜான்சன். சொந்தமாக ஒரு படகு. மனைவி ஜெசிந்தா மீன் விற்கிறாள். மகள் ஏஞ்சல், தூபாவோடு சாந்தோம் ஸ்கூலில் ஒரே வகுப்பு. இதையெல்லாம் அவர்கள் நின்ற இடத்திலேயே தெரிந்துகொண்டார்கள். புதன்கிழமை தூபா மூன்றரை மணி வரை சிக் ரூமில் படுத்திருக்கிறாள். ஸ்கூல் விடும் நேரம். யாரும் வரவில்லை. ஏஞ்சல் அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப, ஜெசிந்தா மீன் கூடையை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள். “சிஸ்டர், இவங்க எங்க ஆன்ட்டி,” என்று சிக் ரூம் சிஸ்டரிடம் தூபாவே சொல்லியிருக்கிறாள்.

“அண்ணன் ஹாஸ்டல்ல கீதுன்னு சொல்லிச்சு,” என்றார் ஜான்சன். “ஞாயித்துக்கெழம சித்தப்பா வந்து இட்டுகினு போவாருன்னு சொல்லிச்சு. என் பொஞ்சாதி நம்பல. அம்மா நம்பரக் குடுன்னு கேட்டா. அதுக்கு உன் பொண்ணு ஃபோனக் காட்டுது. ‘பாருங்க ஆன்ட்டி, எங்கம்மா சாப்ட்டியான்னு கேக்கறாங்க, துபாய்ல வேலை முடிஞ்சு இப்பதான் டைம் கெடச்சுது’ன்னு. படிச்சிப் பாத்தா அப்டிதான் கீது. நம்ம இன்னா பண்றது?”

இந்திரா நகரிலிருந்து அந்தக் குப்பம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.

“இப்ப எங்க அவ?” என்றாள் ஜுவேரியா.

ஏஞ்சல் மணிக்கட்டைத் தடவியபடி அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடேதான் பேசினாள்.

“காலைல அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய்ட்டாங்க ஆன்ட்டி. நேத்து காய்ச்சல் விட்டுடிச்சு. நல்லாதான் இருந்தா. ரசம் சோறு சாப்ட்டா. விடிகாலம் வயிறு வலிக்குதுன்னா. வாந்தி. பல்லுலேர்ந்து ரத்தம். டெங்குவா இருக்கும்னு அம்மா சொன்னாங்க.”

“நேத்து ராத்திரி எனக்குப் பதில் போட்டாளே,” என்றாள் ஜுவேரியா. எதையோ பிடித்துக்கொள்வதுபோலச் சொன்னாள். “நல்லாருக்கேன்னு. ஹார்ட் போட்டாளே.”

ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது நான் ஆன்ட்டி.”

“என்ன?”

“புதன்கிழமை மட்டும்தான் அவ போட்டா. அதுக்கப்புறம் அவளால முடியல. கண்ணெல்லாம் வலிக்குதுன்னு. ‘எங்கம்மா கேட்டா நீ “ம்”னு போடு, அது போதும்’னா. ரெண்டு நாளா நான்தான் போட்டேன். நீங்க லவ் யூ டான்னு அனுப்பினீங்களே, அதுக்கு இன்னா போடறதுன்னு தெரியல. அவ தூங்கினு இருந்தா. நானே ஹார்ட் போட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “சொல்லிடலாம்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. காலைல நீங்க கூப்ட்டுக்கினே இருந்தீங்க. பயமா இருந்துச்சு.”

ஜுவேரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் மகள் எழுதுகிற விதம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தான் பெற்ற பெண்ணோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத ஒரு பெண்ணோடு இரண்டு நாள் பேசியிருக்கிறாள். ஒரு சொல்லில்கூட வித்தியாசம் தெரியவில்லை.

“அவ ஏன்மா அப்படிச் சொன்னா?” என்றான் ஹஸன். “நாங்க துபாய்ல இருக்கோம்னு?”

“சிஸ்டர் சொன்னாங்க அங்கிள். ‘உங்கப்பாவும் பாத்துட்டாங்க, உங்கம்மாவும் பாத்துட்டாங்க, வருவாங்க’ன்னு. மூணரை வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க. எல்லாப் பொண்ணுங்களும் எட்டி எட்டிப் பாத்தாங்க. அவளுக்கு வெக்கமாப் போச்சு.”

சைஃப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோனில் விவரம் சொன்னான். ஜான்சன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “ராயப்பேட்ட ஜி.எச்.சு. நானும் வரேன். நான் வந்து காட்டாட்டி உங்கள உள்ள உடமாட்டானுங்கோ.”

கார் லஸ் முனையில் நின்றுவிட்டது. தீபாவளிக் கூட்டம். இரண்டு பக்கமும் பைகளோடு ஜனங்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வேனின் முதுகில், ஹஸன் கடையின் விளம்பரம். நாலு அறை, நாலு டி.வி., நாலு பேர் தனித்தனியாகச் சிரிக்கிற படம். அந்தப் படத்தை எடுக்கும்போது ஹஸனும் கூட இருந்தான். வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்வான்: “ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டா வீட்ல சண்டையே வராது சார்.” அது உண்மைதான். அவன் வீட்டில் சண்டையே வந்ததில்லை.

ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். சைஃப், “அத்தா, விடுங்க அத்தா,” என்று தோளைத் தொட்டபோதுதான் கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் அழுது மனைவியோ மகனோ பார்த்ததில்லை. ஜான்சன் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜுவேரியா கதவைத் திறந்து இறங்கினாள்.

“எங்க போற?”

“நடந்தே போறேன்.”

ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அதையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெண்கள் வார்டு முதல் மாடியில். கம்பிக் கதவருகே ஸ்டூலில் ஒரு காவல்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

“பாஸ்?”

“என் பொண்ணு உள்ள இருக்கா. தூபா. டெங்குவா இருக்கும்னு...”

காவல்காரம்மா நோட்டைப் புரட்டினாள். “தூபா. ஆமா. ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு ஆளுதாம்மா. ஆளு உள்ள இருக்காங்க.”

“நான் அவ அம்மா.”

“அம்மாதான் உள்ள இருக்காங்க.” விரலை வைத்துக் காட்டினாள். “பாரு. தாயார், ஜெசிந்தா.”

ஜுவேரியா அந்த எழுத்தைப் பார்த்தாள். யாரோ அவசரமாக எழுதியது. ‘தா’வுக்கு மேல் மை சிதறியிருந்தது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தாள். ஆதார் இருக்கிறது, ஃபோனில் ஃபோட்டோ இருக்கிறது, பிறந்த சர்டிஃபிகேட் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஒன்றும் வெளியே வரவில்லை. “அம்மா,” என்று காவல்காரம்மாவையே கூப்பிட்டாள். “அம்மா, ஒரே ஒரு தடவ.”

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்கு மேல். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் காலி தண்ணீர் பாட்டில். முந்தானை ஓரத்தில் ரத்தக் கறை.

“ஜெசிந்தாவா?” என்றாள் ஜுவேரியா.

அந்தப் பெண் இவளை மேலிருந்து கீழே பார்த்தாள். வெறுங்காலையும் பார்த்தாள்.

“நீ யாரு?”

“தூபாவோட அம்மா.”

ஜெசிந்தா, “துபாய்லேர்ந்து எப்ப வந்த?” என்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரியாது.

“நான் துபாய் போனதே இல்ல. அடையாறுலதான் இருக்கோம்.”

அடிப்பாள் என்றுதான் ஜுவேரியா நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. ஜெசிந்தா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“அடையாறு,” என்றாள். “இன்னா மனுஷிம்மா நீ. ராத்திரில அது ஒடம்பு அனலா கொதிக்குது. ‘அம்மா, அம்மா’ன்னு பொலம்புது. துபாய்ல கீற பொம்பளய எப்டிக் கூப்புடறதுன்னு நான் அது தலைய மடில போட்டுக்கினு உக்காந்துனு இருந்தேன். அடையாறு!”

“எப்படி இருக்கா?”

“ரத்தத்துல தட்டணு, பிளேட்லெட்டோ இன்னாவோ, கொறஞ்சி போச்சாம். பதினெட்டாயிரமாம். ஒன்ற லட்சம் இருக்கணுமாம். ரத்தம் ஏத்தணும்னு சொல்லிக்கினு கீறாங்க. நல்லவேள இன்னிக்காவது இட்டுகினு வந்தன்னு டாக்டரம்மா சொல்லிச்சு.” கழுத்தில் நாடாவோடு தொங்கிய பாஸைக் கழற்றி நீட்டினாள். “போ. போய்ப் பாரு. கொசுவலைக்குள்ள கீது. ஆறாம் நம்பர்.”

ஆறாம் நம்பர் கட்டிலில் தூபா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாருடைய நைட்டியோ போட்டிருந்தாள், ஏஞ்சலுடையதாக இருக்கும். ஒரு கையில் டிரிப்ஸ். இன்னொரு கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. உதட்டோரம் பஞ்சு. வலது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன மச்சம். ஜுவேரியா கொசுவலையை ஒதுக்கினாள்.

“தூபா.”

கண் திறந்தது. வெள்ளை விழி சிவந்திருந்தது. அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடையாளம் தெரியாத பார்வையாக இருந்திருந்தால் காய்ச்சல் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

“ஆன்ட்டி எங்க?”

“வெளிய இருக்காங்கடா. அம்மா வந்துட்டேன் பாரு. அம்மா இனிமே...”

“அவங்கள வரச் சொல்லுங்க.”

தூபா அம்மாவை எப்போதும் நீ என்றுதான் பேசுவாள். சண்டையிலும் நீதான், கொஞ்சலிலும் நீதான். இப்போது ‘சொல்லுங்க’ என்கிறாள்.

“தூபா, தெரியாம நடந்துபோச்சுடா. நான் அத்தா வந்திருப்பாங்கன்னு...”

“வயிறு வலிக்குது. ஆன்ட்டிய வரச் சொல்லுங்க. ப்ளீஸ்.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பும்போது டிரிப்ஸ் குழாய் இழுபட்டது. ஜுவேரியா அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். தொடப் பயந்து கையை எடுத்துக்கொண்டாள். எப்படிப் பிடித்தால் வலிக்காது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் அக்கா வந்து குழாயை நேராக்கிவிட்டுப் போனாள்.

ஜுவேரியா வெளியே வந்தாள். ஜெசிந்தா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜுவேரியா பாஸைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள்.

“உங்களத்தான் கேக்கறா. நீங்க உள்ள போங்க.”

“நீ பெத்தவ. நீ இரு.”

“அவ உங்களத்தான் கேக்கறா.” அவள் குரல் ஒரு பிச்சைக்காரியின் குரல்போல இருந்தது. “வயிறு வலிக்குதாம். நான் பக்கத்துல இருந்தா திரும்பிப் படுத்துக்கறா, குழாய் இழுக்குது. நீங்க போங்க. தயவுசெஞ்சு போங்க.”

ஜெசிந்தா எழுந்தாள். போகிறபோது ஒரு கணம் இவள் தோளில் கையை வைத்தாள். கம்பிக் கதவு சாத்திக்கொண்டது.

ஹஸனும் சைஃபும் ஜான்சனும் வந்து சேர்ந்தார்கள். ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். மூன்று பேரும் கீழே ரத்த வங்கிக்கு ஓடினார்கள், திரும்ப மேலே வந்தார்கள், மறுபடி ஓடினார்கள். சைஃபின் ரத்தம் சேருமாம். எடுத்துக்கொண்டார்கள். ஜான்சன் குப்பத்திலிருந்து இன்னும் நாலு பேரை வரச் சொன்னார். ஹஸனின் ஃபோன் கடையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. அவன் அதைக் கடந்து வரவுமில்லை, அவள் நகர்ந்து கொடுக்கவுமில்லை.

“அவ புருவத்துக்கு மேல ஒரு மச்சம் இருக்குங்க,” என்றாள் ஜுவேரியா, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. “அந்த எஸ்.ஐ.கிட்டச் சொல்லணும்.”

“இனிமே எதுக்கு?”

“எழுதிக்கட்டும்.”

மூன்றரை இருக்கும். வார்டுக்குள் ஏதோ சலசலப்பு. ஒரு டாக்டர் வேகமாக உள்ளே போனார். பின்னாலேயே இன்னொருவர். சக்கரம் வைத்த கட்டிலை யாரோ தள்ளிக்கொண்டு போகிற சத்தம். ஜெசிந்தாவின் குரல் ஒரு தரம் உயர்ந்து அடங்கியது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை.

கம்பிக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி, கையில் ஒரு பேப்பரும் பேனாவும்.

“தூபாவோட வீட்டு ஆளுங்க யாரு? கையெழுத்துப் போடணும். சீக்கிரம்.”

ஹஸன் எழுந்தான். சைஃப் எழுந்தான். ஜான்சனும் எழுந்துவிட்டார்.

ஜுவேரியாவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.